இரண்டு கிலோ தோல்

திருவல்லிக்கேணியில்
பறக்கும் ரயில் படிக்கட்டுக்குக் கீழே
அபுசாலியின் ஜூஸ் கடை.
பிழிந்து எறிந்த சாத்துக்குடித் தோலுக்காக
செவ்வாய்தோறும் போவேன்.
முதல் நாள் கேட்டார்: "மாட்டுக்கா மேடம்?"
"இல்லை, மருந்துக்கு."
அந்த ஒரு சொல்லை நான்
கொஞ்சம் அளந்து சொல்லியிருக்கலாம்.
புற்றுநோய் மருந்து என்று வேறு சொன்னேன்,
பெருமை தாங்காமல்.

கழுவி உலர்த்திப் பொடித்து
தண்ணீரில் கலந்து
எஃகுக் குடுவைக்குள் திருகி மூடி
இருநூறு டிகிரியில் எட்டு மணி நேரம்.
திறந்தால் அடிப்பிடித்த பாயச வாசனை.
வீடாக இருந்தால்
பாத்திரத்தோடு வாசலுக்கு வந்திருக்கும்.
நாங்களோ அந்தக் கருகலை
வடிகட்டி, மறுபடி வடிகட்டி,
சவ்வுப் பையில் முடிச்சிட்டு
இரண்டு நாள் நீரில் தொங்கவிடுவோம்.
மிஞ்சுவது
வெளிறிப்போன டீ போல் ஏதோ ஒன்று.

திலகன் அறை விளக்கை அணைப்பான்.
புற ஊதா விளக்கைப் போடுவான்.
குப்பி
நீலமாகக் கண் விழிக்கும்.

அந்த நீலத்துக்குள் இருப்பவை கரித்துகள்கள்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
இருபதாயிரம் பேர் வரிசை கட்டலாம்,
நம் ரேஷன் கடை போலத் தள்ளுமுள்ளு இல்லாமல்.

ஆனால் நீலம் போதாது.
சதை நீலத்தை விழுங்கிவிடும்.
உள்ளே இருப்பதை வெளியே சொல்ல
சிவப்பு வேண்டும்.
சிவப்புக்கு ஒன்றரை வருடம் ஆனது.
வேளச்சேரி மூழ்கிய வாரம்
ஆறாவது மணியில் மின்சாரம் போய்
ஒரு குடுவை முழுக்கச் செத்தது.
அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள்
ஒன்பதாம் எண் எலியின் தொடையில்,
கட்டி இருந்த அதே இடத்தில்,
கடுகளவு சிவப்பு.
திலகன் ஒன்றும் பேசவில்லை.
ஓடிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

துகளின் முதுகில் மருந்தும் ஏற்றினோம்.
கட்டி சுருங்கியது என்று சொல்ல ஆசை.
சுருங்கவில்லை. வளராமல் நின்றது.
அதுவும் பதினான்கு எலிகளில் எட்டுக்கு.

போன செவ்வாய்
அபுசாலி பையைக் கையில் கொடுக்கவில்லை.
மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.
"வீட்ல மெகராஜுக்கு இடது பக்கம்.
அடையாறுல காட்டுறோம்.
மூணாவது ஊசி முடிஞ்சுது.
நீங்க சொன்னதுலேர்ந்து, பத்து நாளா
தோலைக் கொதிக்கவச்சுக் குடுக்குறேன்.
எவ்ளோ குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழும்
அந்த நடைபாதையில் கொட்டிப்போனது.
கொதிக்கவைத்தால் அது வராது என்றேன்.
வேற சூடு, வேற அழுத்தம்.
வந்தாலும் இன்னும் மனிதருக்கு இல்லை.
ஊசி போடும் நாட்களில்
ரத்தத்தில் எதிர்ப்பே இருக்காது,
ஈ மொய்த்த தோல் கூடவே கூடாது.
நிறுத்துங்கள். இன்றே.
டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேட்டுக்கொண்டார்.
எலுமிச்சை ஒன்றை எடுத்து
வெட்டாமலே வைத்தார்.
"அப்ப எலிக்குத்தான் மேடம், இப்பதிக்கு."
"ஆமா."
"எத்தினி வருஷம்?"
நான் வருடத்தைச் சொல்லவில்லை.
தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு பையைத் தராசில் வைத்தார்.
இதுவரை எடை போட்டதில்லை.
இரண்டு கிலோ நூற்றிருபது.
கல்லாப்பெட்டி நோட்டில் எழுதினார்.
"காசு வேணாம்.
கணக்கு இருக்கட்டும்.
யார் குடுத்ததுன்னு என்னைக்காவது கேப்பாங்கல்ல."

எங்கள் ஆய்வு நோட்டில்
மூலப்பொருள் என்ற கட்டத்தில்
'உள்ளூர்க் கடை' என்றே எழுதியிருக்கிறேன்,
நாற்பத்தோரு முறை.

தரமணி வரைக்கும்
பை மடியில் கசிந்துகொண்டே வந்தது.
பெட்டி முழுக்க வாசனை.
எதிர் இருக்கைக் குழந்தை
யாரோ பழம் உரிக்கிறார்கள் என்று
ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தது.
என் கைகளையும் பார்த்தது.